முன்னூற்றுப் பத்து கிராம்

டொக்யார்ட் வீதிக் கடையில்
முன்னறை மெஷினுக்கு பிளெக்ஸ் போதும்:
ரியூஷன் வாத்தியார்மாரின் புன்னகை,
கொடியேற்றம்,
முப்பத்தோராம் நாள் கண்ணீர், ஆறடிக்கு நாலடி.
பின்னறையில் நிற்பது வேறு சாதி.
நாற்பத்துநாலு அங்குல வாய்,
ஏசி நின்றால் தானும் நின்றுவிடும்.

யூட் கிளமென்ற் கொண்டுவந்தது
ஒரு நீலத் திமிங்கிலம்.
மூன்று காலை படகில் வாந்தியெடுத்து
நாலாம் காலை பிடித்த படம்.
உப்புவெளியில் ஒரு ஹோட்டல் சுவருக்கு.
"தடிச்ச பேப்பரில அடியுங்கோ, நிரஞ்சலா.
பருத்திப் பேப்பர்.
தொட்டா தோல் மாதிரி இருக்கோணும்."

சதுர மீற்றருக்கு முன்னூற்றுப் பத்து கிராம்.
யாரோ அடித்து மிஞ்சிய றோல், எட்டு மீற்றர்,
கொழும்பு இரவு பஸ்ஸில் வந்தது.
உறை பிரிக்காமல் ஒரு பகல் படுக்கவைத்தேன்,
இந்த ஊரின் ஈரம் அதற்குப் பழகட்டும் என்று.
நௌபர் நானா விரலால் தட்டிப் பார்த்தார்.
"இது பேப்பரா புள்ள, கதவா?"

மெல்லிய தாள் சொன்னபடி கேட்கும்.
தடித்த தாளுக்கு ஞாபகம் அதிகம்.
மாதக்கணக்காய்ச் சுருண்டு கிடந்த வளைவை
விரித்த பிறகும் விடாது.
உள்ளே போகப் போக,
குழலை நெருங்க நெருங்க,
இன்னும் மோசம்.
ஓரம் எழும்பும். மைத்தலை ஓடிவரும்.
சர்ர்.

முதல் திமிங்கிலத்தின் வாலடியில்
கரிக்கோடு, ஒரு சாண்.

தலையை உயர்த்தினேன்.
ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை, அதில் பாதி.
உரசல் போயிற்று.
கண்ணும் போயிற்று.
உயரத்திலிருந்து விழும் துளிக்கு
வழியில் யோசிக்க நேரம் கிடைத்துவிடுகிறது.
கண் இருந்த இடத்தில்
கண்ணைப்போல ஒன்று.

இறக்கினால் தோல் உரியும்,
ஏற்றினால் பார்வை மங்கும்.
மிச்சம் மூன்று மீற்றருக்குக் கொஞ்சம் குறைவு.
எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மிச்சத்தை வெட்டியெடுத்து
பிவிசி குழாயில் மறுபக்கமாய்ச் சுற்றி
இரவு முழுக்கக் கட்டி வைத்தேன்.
காலையில் அவிழ்த்தால்
முழுக்க மறக்கவில்லை,
என்றாலும் முரண்டு குறைந்திருந்தது.
உறிஞ்சும் காற்றை உச்சத்தில் வைத்தேன்.
தலை போகும்போது மட்டும் அடி,
திரும்பும்போது சும்மா வா என்றேன்.
உயரம், இரண்டுக்கும் நடுவில்.

ஒரு மணி ஐம்பது நிமிடம்.
இடையில் கரண்ட் ஒருதரம் கண் சிமிட்டியது.
யூபிஎஸ் கீச்சிட, நானா ஓதத் தொடங்கினார்.
நான் மாதாவையும் கோணேசரையும்
ஒரே மூச்சில் கூப்பிட்டேன்.
வால் முதலில் வந்தது.
பிறகு முதுகு, முதுகு, இன்னும் முதுகு.
நிலத்தில் விழுந்தால் மடிப்பு விழும்;
ஆளுக்கொரு பக்கம் பெற்சீற் பிடித்தோம்.
கடைசியாய்க் கண்.
தண்ணீருக்குள்ளிருந்து,
எங்களைக் கணக்கிலெடுக்காமல்.

மை காய்ந்த பிறகு
பக்கத்துக் கருவாட்டுக் கடைத் தராசில்
நானா விளையாட்டுக்கு நிறுத்தார்.
எண்ணூற்று எழுபது.
ஐம்பது கிராம் கூடக் காட்டும் தராசு அது,
ஊருக்கே தெரியும்.

வயிற்றுக்குக் கீழே
மயிரளவு வெளிர்க்கோடு ஒன்று இருக்கிறது.
யூட் பார்க்கவில்லை. ஹோட்டல்காரர் பார்க்கவில்லை.
அந்தப் பக்கம் போனால்
நான் உள்ளே போவதில்லை.

கெட்டுப்போன இரண்டையும் கீலம் கீலமாய் வெட்டி
குப்பை லொறிக்கென்று வாசலில் வைத்திருந்தேன்.
விடியப் பார்த்தால்
கோட்டைப் பக்கத்து மான்கள்.
பிளெக்ஸ் என்றால் முகர்ந்துவிட்டுப் போய்விடும்.
இதை நின்று மென்றன, ஆறுதலாக.
பருத்தியல்லவா.

சூ என்றேன். கலைந்தன.
ஒரு கொம்பன் மட்டும் நகரவில்லை.
வாயோரம் நீலம்.
மங்கிய கண் பாதி உள்ளே, பாதி வெளியே.
வெளியே கிடந்ததைப் பிடித்து இழுத்தேன்,
அதுவும் இழுத்தது.

கிழியவில்லை.
நல்ல பேப்பர்.